ரூட் ஆனாலும் என் ஷெல்தான் வேண்டும்!
(வாசகர் கேள்வி–பதில்)

இந்த மாதம் லினக்ஸ் பற்றி வந்த கடிதங்களில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் நான்கை எடுத்துக்கொண்டேன். கட்டளைகளை வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரல், பாஷ், ஃபிஷ், இசட்-ஷெல் எல்லாம் அதில் வகைகள். ரூட் என்பவர் எல்லா அதிகாரமும் உள்ள பயனர், சூடோ அந்த அதிகாரத்தில் கட்டளையை ஓட்டித் தருவது.

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பார்த்துக்கறேன். ரெண்டு வருசமா ஃபிஷ் ஷெல்தான். பாதி அடிச்சாலே பழைய கட்டளை மங்கலா வந்து நிக்கும், வலது அம்புக்குறியைத் தட்டினா முடிஞ்சுது. ஆனா சர்வரில் 'சூடோ -ஐ' போட்டதும் பாஷ் வந்துருதுங்க. கை தடுமாறுது. ரூட்டோட ஷெல்லையே ஃபிஷ்ஷுக்கு மாத்திடலாமுங்களா? கூட வேலை செய்யற அண்ணன் "மாத்தாதே"ங்கறார், ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார்.
— வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, அந்த அண்ணன் சொன்னது சரி. காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பழகிய ஷெல் வேண்டும் என்று கேட்பது சொகுசு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ரூட்டாக இருக்கும்போது கை தடுமாறுவதுதான் உண்மையான ஆபத்து. சாதாரணப் பயனராக இருந்து ஒரு எழுத்து தப்பானால் 'பர்மிஷன் டினைட்' என்று திட்டிவிட்டு விட்டுவிடும். ரூட்டாக இருந்தால் திட்டாது, செய்து முடித்துவிடும். அந்த இடத்தில்தான் பழகிய கருவி கையில் இருக்க வேண்டும்.

எங்க அப்பா கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர். பீளமேட்டுப் பக்கம் மூன்று ஷிஃப்ட் ஓடிய காலம். காக்கிப் பையில் சொந்தமாக ஒரு ஸ்பேனர் செட் வைத்திருப்பார். மில் ஸ்டோரில் புது ஸ்பேனர் இருந்தாலும் அதைத் தொட மாட்டார். "கைக்குத் தெரிஞ்சது போதுங்கண்ணு" என்பார். ராத்திரி ரிங் ஃபிரேம் நின்றுபோனால் அந்தப் பையோடு கிளம்புவார். ஆனால் தன் ஸ்பேனரை மில் ஸ்டோரில் மாட்டிவிட்டு, ஸ்டோர் ஸ்பேனரைக் கழற்றி எறிந்தவர் இல்லை. அடுத்த ஷிஃப்டில் வருகிற ஃபிட்டருக்கு ஸ்டோரில் என்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான். ஃபிஷ்ஷைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ரூட்டின் ஸ்டோரை மாற்றாதீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ரூட் ஆவதற்கு மூன்று வாசல் இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் ஷெல்லைத் தேடுவதில்லை.

'சூடோ -ஐ' போட்டால் அது ரூட்டின் வீட்டுக்குள் முறைப்படி நுழைவது. பயனர் கணக்குகளின் பட்டியலான '/ஈடிசி/பாஸ்வேர்டு' கோப்பைத் (பெயரை பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி என்று அடியுங்கள்) திறந்து ரூட்டின் வரியைப் பார்க்கும். அந்த வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

ரூட்:எக்ஸ்:0:0:ரூட்:/ரூட்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளி பிரித்த ஏழு கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் எந்த ஷெல் எழுதியிருக்கிறதோ அதுதான் வரும். உங்களுக்குப் பாஷ் வந்ததற்கு இதுவே காரணம். 'சூ -' போட்டாலும் இதே கதைதான்.

'சூடோ -எஸ்' அப்படியல்ல. அது உங்களைப் பார்க்கும். உங்கள் சூழலில் 'ஷெல்' என்ற மாறி (வேரியபிள்) இருந்தால் அதில் சொன்ன ஷெல்லை எடுக்கும். மாறி இல்லையென்றால் பாஸ்வேர்டு கோப்பில் உங்கள் வரியின் ஏழாவது கட்டத்தை எடுக்கும். ஆக, உங்கள் சொந்தக் கணக்கின் ஷெல் ஃபிஷ் என்றால் 'சூடோ -எஸ்' போட்டதும் ரூட்டாகவும் ஃபிஷ்ஷாகவும் நிற்பீர்கள். ரூட்டின் கணக்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒன்று மட்டும்: யாருக்கு என்ன சூடோ உரிமை என்று சொல்கிற சூடோயர்ஸ் கோப்பில் உங்களுக்கு இன்னின்ன கட்டளைதான் என்று வரையறுத்து வைத்திருந்தால் இந்த வாசல் திறக்காது. அங்கே ஷெல்லும் ஒரு கட்டளைதான்.

இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தது பாஷில், அப்புறம் 'ஃபிஷ்' என்று தட்டி மாறிக்கொண்டது என்றால், திரையில் ஃபிஷ் தெரியும், ஆனால் 'ஷெல்' மாறியில் பாஷ்தான் இருக்கும். 'எக்கோ $ஷெல்' போட்டுப் பாருங்கள், இதில் 'ஷெல்' மட்டும் பெரிய எழுத்தில். '/பின்/பாஷ்' என்று வந்தால் 'சூடோ -எஸ்' பாஷைத்தான் தரும். உங்கள் கணக்குக்கு மட்டும் 'சிஹெச்எஸ்ஹெச் -எஸ் /யுஎஸ்ஆர்/பின்/ஃபிஷ்' போட்டு மாற்றிவிட்டு ஒருமுறை வெளியே போய் உள்ளே வாருங்கள். அந்தப் பாதை '/ஈடிசி/ஷெல்ஸ்' பட்டியலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுக்கும். இதெல்லாம் வேண்டாம் என்றால் நேராக 'சூடோ ஃபிஷ்'. அதுவும் போதும்.

சரி, ரூட்டின் ஷெல்லை ஏன் மாற்றக் கூடாது? நான் மாற்றியவன். அதனால் சொல்கிறேன்.

2019-ல் பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இசட்-ஷெல் மேல் பிரியம். நானே கம்பைல் செய்து '/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்' டைரக்டரியில் வைத்து, ரூட்டின் ஏழாவது கட்டத்தையும் அதற்கு மாற்றிவிட்டேன். அந்தச் சர்வரில் வேறு பயனரே கிடையாது. எல்லாம் ரூட்தான். ஏழெட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டத்தை அப்கிரேடு செய்து ரீபூட் போட்டேன். பில்லிங் டேட்டாபேஸ் எழவில்லை. கன்சோலில் ரூட் என்று அடித்து, பாஸ்வேர்டு அடித்தேன். பாஸ்வேர்டு சரி. அரை நொடி ஏதோ ஒரு வரி மின்னியது, மறுபடி 'லாகின்:' வந்து நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி 'லாகின்:'. நான்காவது முறை ஃபோனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தபோதுதான் அந்த வரியைப் படிக்க முடிந்தது: நான் கம்பைல் செய்தபோது இசட்-ஷெல் சார்ந்திருந்த லைப்ரரியின் பழைய பதிப்பு இப்போது இல்லை. ஷெல் எழ முடியவில்லை. ஷெல் இல்லையென்றால் ரூட்டுக்கு உள்ளே நிற்க இடமில்லை.

வெளியே நூல் கோன் ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது. பில் போட்டால்தான் இ-வே பில், இ-வே பில் இருந்தால்தான் லாரி நகரும். டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மெஷினை ரீபூட் செய்து, மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் 'ஈ' தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' சேர்த்து எழுப்பினேன். டிஸ்க் படிக்க மட்டும்தான் திறந்திருக்கும். 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' போட்டு எழுதத் திறந்து, பாஸ்வேர்டு கோப்பில் அந்த ஏழாவது கட்டத்தை மறுபடி '/பின்/பாஷ்' ஆக்கினேன். உள்ளே நுழைந்ததும் டேட்டாபேஸை எழுப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிட வேலைக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் போயிருந்தது.

சூடோ உள்ள ஒரு பயனர் அந்தச் சர்வரில் இருந்திருந்தால் 'சூடோ /பின்/பாஷ்' என்ற ஒற்றை வரியில் தீர்ந்திருக்கும். சூடோ நாம் சொன்ன நிரலை நேராக ஓட்டுகிறது, ரூட்டின் ஏழாவது கட்டத்தை அப்போது பார்ப்பதே இல்லை. இதற்காகவே சொல்கிறேன், எந்தச் சர்வரிலும் ரூட் தவிர இன்னொரு கணக்கை வைத்திருங்கள்.

ஃபிஷ்ஷுக்கு என்று தனியாகவும் ஒரு காரணம் இருக்கிறது. அது பாஷின் இலக்கணத்தைப் பேசுவதில்லை. உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் வேறு மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ரூட்டாக ஒரு 'ஃபார்… டூ… டன்' அனுப்பினால், அதை வாங்கிக்கொள்வது ரூட்டின் ஷெல்தான். அங்கே ஃபிஷ் இருந்தால் பிழை சொல்லி நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிற பேக்கப் நின்றது காலையில்தான் தெரியும், சில சமயம் பேக்கப் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியும். குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற கிரான் வேலைகளுக்கு இந்தப் பயம் வேண்டாம். கிரான் ரூட்டின் ஷெல் எதுவானாலும் '/பின்/எஸ்ஹெச்'-ஐத்தான் எடுத்துக்கொள்ளும், நாமாக வேறு சொன்னால் ஒழிய.

இனி 'சூடோ -எஸ்' போட்டு நுழைந்த பிறகு. "ஃபிஷ் வந்தது, ஆனா என் அமைப்பு ஒண்ணும் வரலை" என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். ஏனென்றால் 'ஹோம்' மாறி இப்போது '/ரூட்' ஆகிவிட்டது. ஃபிஷ் உங்கள் அமைப்புகளை அங்கே தேடுகிறது, அங்கே ஒன்றுமில்லை. உபுண்டுவில் முன்பெல்லாம் சூடோ போட்டாலும் 'ஹோம்' உங்கள் வீட்டையே காட்டும், 19.10 பதிப்பிலிருந்துதான் மற்ற லினக்ஸ்கள் போல '/ரூட்' ஆனது. மேக்கில் இன்றைக்கும் உங்கள் வீடுதான்.

உங்கள் வீட்டையே காட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ரூட்டாக நின்றுகொண்டு உங்கள் வீட்டுக்குள் ஷெல் எழுதுகிற கோப்புகள் ரூட்டின் பெயரில் விழும். என் மேக்கில் ஒருநாள் பழைய கட்டளைகள் சேமிப்பாவதே நின்றுபோனது. 'எல்எஸ் -எல்ஏ' போட்டுப் பார்த்தேன். என் பெயர், என் பெயர், என் பெயர் என்று வரிசையாக இறங்குகிறது. நடுவில் ஒரே ஒரு வரி: ரூட். அது ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பு. என் வீட்டில், எனக்கே எழுத உரிமை இல்லாத கோப்பு. 'சூடோ சிஹெச்ஓடபிள்யூஎன்' போட்டு என் பெயருக்குத் திருப்பிய பிறகுதான் சரியானது. மேக்கில் 'சூடோ -ஹெச் -எஸ்' என்று போடுங்கள். இதில் ஹெச் மட்டும் பெரிய எழுத்து. ஹோமை ரூட்டின் வீட்டுக்கு மாற்றிவிடும்.

அமைப்பு வேண்டுமென்றால் உங்கள் 'கான்ஃபிக்.ஃபிஷ்' கோப்பை '/ரூட்/.கான்ஃபிக்/ஃபிஷ்' டைரக்டரிக்கு நகலெடுங்கள். நகல்தான், சிம்லிங்க் (அசல் கோப்பையே சுட்டுகிற இணைப்பு) வேண்டாம். சிம்லிங்க் போட்டால் உங்கள் கணக்கில் ஓடுகிற எந்த நிரலும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடலாம், அடுத்த முறை நீங்கள் ரூட்டாகும்போது அந்த வரி ரூட்டாக ஓடும். பிரவுசரில் நுழைந்த ஒரு கெட்ட நிரலுக்கு உங்கள் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படாது. நகலெடுக்கும்போது எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ரூட்டுக்கு நான்கு கட்டளைச் சுருக்கங்கள் (அலயஸ்) போதும்.

ஃபிஷ்ஷில் எனக்குப் பிடித்தது, ரூட்டானதும் அதன் இயல்பான பிராம்ப்ட் (கட்டளைக்குக் காத்திருக்கும் வரி) டைரக்டரியின் பெயரைச் சிவப்பாக்கிவிடும், கடைசியில் '>' போய் '#' வரும். அதை மட்டும் எந்த அலங்காரத் தீமைப் போட்டும் மறைத்துவிடாதீர்கள் அம்மணி.

கேள்வி: 'எல்எல்' என்று ஒரு சுருக்கம் வைத்திருக்கிறேன். தனியாக அடித்தால் வேலை செய்கிறது, 'சூடோ எல்எல்' என்றால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. 'சூடோ சிடி'யும் அப்படியே. 'சூடோ எக்கோ' போட்டு ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதப் போனால் 'பர்மிஷன் டினைட்'. சூடோ என்றால் எல்லா அதிகாரமும் என்றுதானே நினைத்தேன்?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மூன்றுக்கும் வேர் ஒன்று. அதிகாரம் சூடோவுக்குப் பின்னால் ஓடுகிற நிரலுக்குத்தான் போகிறது, உங்கள் ஷெல்லுக்கு அல்ல.

சுருக்கத்தை விரிப்பது ஷெல்லின் வேலை. ஷெல் வரியின் முதல் சொல்லை மட்டும் பார்த்து விரிக்கும். 'எல்எல்' இரண்டாவது சொல்லாகிவிட்டது, அப்படியே சூடோவிடம் போய்விட்டது. சூடோவுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. பாஷிலும் இசட்-ஷெல்லிலும் இதற்கு அழகான வழி உண்டு. ஷெல் தொடங்கும்போது படிக்கிற உங்கள் ஆர்சி கோப்பில் இப்படி எழுதுங்கள்:

அலயஸ் சூடோ='சூடோ '

மேற்கோளுக்குள் கடைசியில் ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், உயிர் அங்கேதான். சுருக்கத்தின் விரிவு இடைவெளியில் முடிந்தால் ஷெல் அடுத்த சொல்லையும் விரித்துப் பார்க்கும்.

'சிடி' தனி நிரலே அல்ல, ஷெல்லுக்குள் இருக்கிற கட்டளை. அது வேறு புராசஸில் ஓடி டைரக்டரி மாறினாலும் நீங்கள் நிற்கிற இடம் மாறாது. அந்த டைரக்டரிக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 'சூடோ -எஸ்' போட்டுப் போங்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு விஷயத்தில், '>>' என்ற குறியைப் பார்த்துக் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், உங்கள் அதிகாரத்தில். எக்கோ மட்டும்தான் ரூட்டாக ஓடியது. இப்படிச் செய்யுங்கள்:

எக்கோ 'எழுத வேண்டிய வரி' | சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

'-ஏ' மறந்தால் பழையது முழுக்கப் போய்விடும், கவனம். ஒன்றிரண்டு வரிக்கு மேல் திருத்தம் என்றால் 'சூடோஎடிட்' போடுங்கள். அது கோப்பின் நகலை உங்கள் பெயரிலேயே, உங்கள் எடிட்டரில், உங்கள் அமைப்புகளோடு திறக்கும். மூடியதும் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். எடிட்டர் ரூட்டாக ஓடுவதே இல்லை. இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏன் இத்தனை குறைவு என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

கேள்வி: ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்குச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொடுக்கிறோம். நாலு பேர் ஒரே சர்வரில் வேலை. போன வாரம் யாரோ ஒரு டைரக்டரியை அழித்துவிட்டார்கள். லாகில் பார்த்தால் நாலு பேருமே 'சூடோ -எஸ்' போட்டு உள்ளே போனது மட்டும் இருக்கிறது. பிடித்த ஷெல்லில் ரூட்டாகப் போகிற பழக்கமே தப்போ?
— வாசகர், ஈரோடு

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கண்டது அதன் உண்மையான விலை.

'சூடோ' என்று முன்னால் வைத்து ஒவ்வொரு கட்டளையாக ஓட்டும்போது யார், எந்த டெர்மினலில், எந்த டைரக்டரியில் நின்று, என்ன ஓட்டினார் என்று லாகில் ஒரு வரி விழும். உபுண்டுவில் '/வார்/லாக்/ஆத்.லாக்', ரெட் ஹாட் வகையில் '/வார்/லாக்/செக்யூர்'. ஷெல்லாகவே உள்ளே போய்விட்டால் 'ஷெல் ஓடியது' என்ற ஒற்றை வரியோடு சூடோவின் கணக்கு முடிந்தது. உள்ளே நடந்த ஐம்பது வேலைக்கும் அது சாட்சி இல்லை. ரூட்டின் ஹிஸ்டரி கோப்பை நம்பாதீர்கள். நாலு பேர் எழுதுகிற ஒரே நோட்டு அது, யார் எழுதியது என்று பெயரும் இருக்காது.

நாலு பேர் புழங்குகிற சர்வரில் நான் வைத்திருக்கிற வழக்கம்: ஒன்றிரண்டு கட்டளை என்றால் சூடோ போட்டுத் தனித்தனியாக, சொந்த ஷெல்லில் நின்றபடியே. ஷெல்லை விட்டு வெளியே போகாததால் சுருக்கமும் ஹிஸ்டரியும் உங்களோடவே இருக்கும். டிஸ்க் மாற்றுவது, டேட்டாபேஸ் நகர்த்துவது மாதிரி தொடர்வேலைக்கு மட்டும் 'சூடோ -எஸ்'. அப்படிப் போகிறவர்களுக்கு சூடோயர்ஸ் கோப்பில் 'லாக் அவுட்புட்' அமைப்பைப் போட்டுவைத்தால் திரையில் ஓடியது முழுவதையும் சூடோ சேமிக்கும், 'சூடோரீப்ளே' போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். சூடோயர்ஸைத் தொடும்போது 'விசூடோ' வழியாக மட்டும் தொடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சேமிக்கும் முன்னே எச்சரிக்கும். நேராகத் திறந்து பிழையோடு மூடினால் நாலு பேருக்கும் சூடோ போய்விடக்கூடும்.

போன வாரம் அழித்தது யார் என்பது இனித் தெரியப்போவதில்லை. நாலு பேரையும் உட்காரவைத்து விசாரிப்பதை விட்டுவிட்டு, இன்றைக்கே இந்த அமைப்பைப் போடுங்கள்.

கேள்வி: ஐயா, பொள்ளாச்சியில் கல்லூரி மாணவன். லினக்ஸ் போலவே இருக்கும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை நிறுவிப் பார்த்தேன். பாஸ்வேர்டு கோப்பில் ரூட்டுக்கு அடுத்தாற்போல் 'டூர்' என்று ஒருவர், அவருக்கும் எண் 0. யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: பயப்படாதே தம்பி. ஆங்கிலத்தில் ரூட் என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் டூர். மேலே திருப்பூர் அம்மணி கேட்டாரே, அதே ஆசைக்கு பிஎஸ்டிக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே போட்டுவைத்த வழி இது. ரூட்டின் ஷெல்லைத் தொடாமல், பிடித்த ஷெல்லோடு நுழைய இன்னொரு பெயர். கணினி பார்ப்பது பயனர் எண்ணைத்தான், 0 என்றால் ரூட். நிறுவும்போது டூருக்குப் பாஸ்வேர்டு பூட்டியே இருக்கும், நீயாக வைத்தால்தான் திறக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டின் ஷெல் நெடுங்காலம் சி-ஷெல்லாக இருந்து, 2023-ல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் 'எஸ்ஹெச்' ஆனது. சி-ஷெல் பிடிக்காதவர்களுக்கு டூர் ஒரு வாசல்.

நீயும் டூருக்கு ஷெல் மாற்றிப் பார். மாற்றியதும் இருக்கிற ஜன்னலை மூடாதே. இன்னொரு கன்சோலைத் திறந்து, அதில் புதிதாக நுழைந்து, பிராம்ப்ட் வந்த பிறகு பழையதை மூடு.